வாட்டர் பம்பும் ஒரு எம்-சீல் உருண்டையும்

“வாட்டர் பம்பு போச்சு, கள்ளிமந்தையத்துக்குப் பக்கத்துல நிக்கறேன்” என்று வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். நான் ஊர் வந்து சேர்வதற்குள் அம்மா போர் மோட்டார் ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மேல்தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை அண்டா, குடம், பக்கெட் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் பம்பு என்றால் கிணற்றில் இருப்பதுதான். வாசலில் நிற்கிற வண்டிக்குள்ளும் ஒரு பம்பு உண்டு, இன்ஜின் சூடேறாமல் இருக்க அதுவும் தண்ணீர் இறைக்கிற பம்புதான் என்பதை அவருக்கு இத்தனை வருடத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான். நானே அதைப் பம்பாக நினைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

வண்டி 2008 மாடல் மஹிந்திரா பொலிரோ பிக்கப். 2523 சிசி டிஐ டீசல் இன்ஜின், ஏசி கிடையாது, கிலோமீட்டர் காட்டுகிற மீட்டர் 2 லட்சத்து 40 ஆயிரத்தில் நின்று மூன்று வருடம் ஆகிறது. நான் இரண்டாவது கையில் வாங்கினேன். மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு முருங்கை, பறித்ததை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவது இதில்தான். மழை வெயில் பார்க்காமல் ஓடியிருக்கிறது, ஒரு நாள் படுத்ததில்லை. அதனால் முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், பம்பு தானாகப் போகவில்லை. நான்தான் கொன்றேன், அதுவும் இரண்டு தவணையில்.

முதல் தவணை, ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றியது. எங்கள் போர் 850 அடி. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குளித்தால் தலைமுடி துடைப்பம் மாதிரி நிற்கும். குடிக்க லாயக்கில்லை என்று கேன் வாங்குகிற அதே ஆள், காலையில் பானெட்டைத் தூக்கி அதே தண்ணீரை ஒரு சொம்பு ரேடியேட்டரில் ஊற்றிவிட்டுச் சாவி போடுகிறார். வருடக்கணக்காக.

இரண்டாவது தவணைதான் கேவலம். தையில் ஒரு நாள் வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தது. குனிந்து பார்த்தால் பம்பின் உடம்பில் அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து உப்புப் பூத்து வெள்ளையாக ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஒரு சொட்டு. பேனா ரீஃபில் நுழைகிற அளவு ஓட்டைதான். “அட, இவ்வளவுதானா” என்று எம்-சீல் வாங்கிவந்து இரண்டு துண்டையும் பிசைந்து, உருட்டி, அதில் அப்பிவிட்டேன். சொட்டு நின்றது. எனக்கு ஒரே பெருமை.

அந்த ஓட்டை பழுது அல்ல. கம்பெனியில் வேண்டுமென்றே போட்டு அனுப்புகிற ஓட்டை. பம்பின் தண்டு முன்பக்கம் பேரிங்கில் சுற்றுகிறது, பின்பக்கம் தண்ணீர்ப் பக்கமாக, தண்ணீர் தாண்டாமல் தடுக்க ஒரு சீல். நடுவில் கொஞ்சம் வெற்றிடம், அந்த வெற்றிடத்துக்கு வெளிவழி இந்த ஓட்டை. சீல் தேய்ந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தால் அது பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டிவிட வேண்டும், சொட்டுவதைப் பார்த்து வண்டிக்காரனுக்கு “பம்பு தயார் பண்ணு” என்று தெரிய வேண்டும். அதற்காக வைத்த வாய் அது. நான் என்ன செய்தேன் என்றால், ‘வலிக்கிறது’ என்று சொன்ன பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டு வலி போய்விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

தண்ணீர் வேறு எங்கே போகும்? பேரிங்குக்குள் போனது. கிரீஸைக் கழுவியது. பங்குனி வாக்கில் ஐடிலில் நிற்கும்போது ‘கறகற’ என்று அம்மி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மறைந்துவிடும். அதனால் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தே ஓட்டினேன். கடைசியில் 40 மூட்டை முருங்கையோடு போகிற வழியில் முதலில் சார்ஜ் லைட் எரிந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோ மக்கர் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. அப்போதுதான் உறைத்தது, டைனமோவும் வாட்டர் பம்பும் ஒரே பெல்ட். பெல்ட் கழன்றால் இரண்டும் நிற்கும். இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்தாற்போல் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். பக்கத்து ஊர்தானே, மெதுவாகப் போய்விடலாம் என்று இன்னும் ஐந்து கிலோமீட்டர் உருட்டினால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் வளைந்து, இடுக்கில் கசியாமல் அடைக்கிற ஹெட் பேக்கிங் போய், பம்பு விலையைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

டீக்கடையிலிருந்து ஓடிவந்த ஒருவர் நல்ல மனசோடு ஒரு சொம்புத் தண்ணீரும் கந்தல் துணியுமாக ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. மூடி போட்ட ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருக்கும், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 115, 120 வரைக்கும் தண்ணீராகவே அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் ஆவியும் வெந்நீருமாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். சரக்கை மச்சான் வண்டியில் மாற்றிவிட்டு, என் வண்டியை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

இன்ஜின் ஆறிய பிறகு ஃபேனை இரண்டு கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இருக்கவே கூடாது. என் வண்டியில் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. ஃபேன் பம்பின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தால் இறக்கை ரேடியேட்டரில் போய்க் குத்தியிருக்கும்.

தாராபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கூப்பிட்டேன். “நாலு நாளைக்குக் கை காலி இல்ல தம்பி. நீயே கழட்டு, பெரிய வேல ஒண்ணுமில்ல. சந்தேகம் வந்தா ஃபோன் போடு. பழைய பேக்கிங்கச் சொரண்டறதுல மட்டும் சோம்பேறித்தனம் பண்ணாத” என்றார். கடைசி வாக்கியத்தை அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஸ்பேர்ஸ் கடையில் இரண்டு வழி காட்டினார்கள். ஒன்று ரிப்பேர் கிட், பேரிங், சீல், தண்டு மட்டும் வரும், விலை குறைவு. இன்னொன்று முழு பம்பு, 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கிட் வாங்கினால் லேத்துக்குக் கொண்டுபோய்ப் பழையதை பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதை அழுத்தி ஏற்ற வேண்டும். தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற இதழ்ச் சக்கரமான இம்பெல்லருக்கும் பம்பின் சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி மயிரிழைக் கணக்கு. அதிகமானால் தண்ணீரைத் தள்ளாது, குறைந்தால் உரசும். கை பழகிய லேத்துக்காரர் இருந்தால் கிட் தாராளமாகப் போடலாம், எனக்கு அப்படி யாரும் தெரியாததால் முழு பம்பே வாங்கினேன். கூடவே பெல்ட், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளாம்ப் நான்கு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி. ஹோஸை விரலால் அமுக்கிப் பார்த்தால் மொறுமொறுவென்று அப்பளம் மாதிரி இருந்தது, அதைத் திரும்ப மாட்டுவது பைத்தியக்காரத்தனம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேப்பமரத்தடியில் ஆரம்பித்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் செருகினேன், ஸ்பேனர் வழுக்கிப் போய் ரேடியேட்டரில் இடித்தால் இன்னொரு செலவு. அடியில் இருக்கிற வடிகால் திருகு உப்பேறி அசையவில்லை, கீழ் ஹோஸையே கழற்றினேன். பேசினில் இறங்கியது தண்ணீர் இல்லை. கொதிக்க வைத்து மறந்துவிட்ட டீத்தண்ணீர் மாதிரி, துருவும் சேறுமாக. அடியில் வெள்ளைப் பொருக்கு படிந்தது.

எனக்கு டார்ச் பிடித்தது ஏழாவது படிக்கிற மகள். நான் போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போடுவதைப் பார்த்துவிட்டு, “எது எந்த ஓட்டைக்குன்னு எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. பம்பின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை, நீளமானதைக் குட்டை போல்ட்டின் இடத்தில் இறுக்கினால் தரை தட்டி நின்றுவிடும், பம்பு அழுந்தாது, அல்லது இன்ஜினின் உடம்பான பிளாக்கையே கீறும். அவளே உள்ளே போய் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்தாள், நல்ல கெட்டி அட்டை, மயில் படம் போட்டது. பின்பக்கத்தில் பம்பு வடிவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தாள். யார் வீட்டுக் கல்யாணமோ, மணமகன் பெயரில் ஒரு 13 ஸ்பேனர் போல்ட், மணமகள் பெயரில் ஒன்று.

ஃபேன், புல்லி எல்லாம் எளிதாக வந்துவிட்டன. ஃபேன் நட்டை, பெல்ட் மாட்டியிருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும், பெல்ட்டைக் கழற்றிய பிறகு புல்லி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். நான் கழற்றிவிட்டு அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரை முட்டுக் கொடுத்துத் திண்டாடினேன். சில வண்டிகளில் ஃபேன் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கும், அதில் மரை இடப்பக்கமாக இருக்கலாம், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அசையவில்லையே என்று முக்குவதற்கு முன்னால் இதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பம்பு போல்ட்டுகளில் கடைசி ஒன்று வரவே இல்லை. உப்பு அதை பிளாக்கோடு கல்யாணம் செய்து வைத்துவிட்டது. டீசல் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டேன். தலையில் சுத்தியலால் நான்கு தட்டு தட்டினேன், கழற்றுகிற பக்கம் திருப்புவதற்கு முன் இறுக்குகிற பக்கம் துளி திருப்பிப் பார்த்தேன், இதெல்லாம் சரியான முறைதான். அப்புறம் பொறுமை போய் ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். போல்ட் கழன்றால் வருகிற சத்தம் வேறு, உடைந்தால் வருகிற சத்தம் வேறு. கை உடனே தெரிந்துகொள்ளும்.

பம்பு கழன்றுவிட்டது, உடைந்த போல்ட்டின் தண்டு மட்டும் பிளாக்கிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஊர் வெல்டிங்காரர் மெஷினைத் தூக்கிவந்து, அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் குழிக்குள் வெல்டிங் தட்டி, சிவந்தது கறுக்கும்வரை காத்திருந்து, ஸ்பேனரை மாட்டிச் சாதாரணமாகத் திருப்பினார். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. சூடு அரை வேலை செய்துவிடுகிறது. 100 ரூபாய் கொடுத்தேன், “டீத்தண்ணி மட்டும் குடுங்க போதும்” என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

பழைய பம்பைத் திண்ணையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரனுக்குப் பாடமே தேவையில்லை. கோயம்புத்தூரை இந்தியாவின் பம்பு நகரம் என்று சொல்வார்கள், 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டிய ஊர், அந்த மோட்டாரும் பம்பும்தான் எங்கள் பக்கத்துக் கிணறுகளையெல்லாம் ஓட வைத்தன. மேட்டில் நிற்கிற மோனோபிளாக் பம்பைத் திறந்தால் உள்ளே என்ன இருக்குமோ அதேதான் இதற்குள்ளும். நடுவில் தண்ணீர் வந்து விழுகிறது, இம்பெல்லர் சுழற்றி விளிம்புக்கு வீசுகிறது, வீசிய வேகம் அழுத்தமாகிறது. அங்கே மோட்டார் சுற்றுகிறது, இங்கே பெல்ட் சுற்றுகிறது. அங்கே தண்ணீர் தென்னைக்குப் போகிறது, இங்கே சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, சூட்டை வாரிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. எரிக்கிற டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்த வழியாகத்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

இம்பெல்லரின் இதழ்களைப் பார்த்தால் கரையான் அரித்த கதவு மாதிரி. விளிம்பெல்லாம் பொத்தல், ஒரு இதழ் பாதிதான் இருந்தது. ஒரு பக்கம் துரு தின்றிருக்கிறது, இன்னொரு பக்கம் குமிழி தின்றிருக்கிறது. உறிஞ்சுகிற இடத்தில் அழுத்தம் குறையும்போது சூடான தண்ணீர் பொடிப்பொடியாகக் குமிழி விடும், அந்தக் குமிழிகள் இதழின் மேல் வந்து உடையும்போது உளி வைத்துத் தட்டுகிற மாதிரி உலோகத்தைப் பெயர்க்கும். உறிஞ்சுகிற குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வில் குப்பை அடைத்த மோட்டார் கடகடவென்று கத்துமே, அதே சங்கதி. மீதி இடமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு, வெந்நீர் போடுகிற பானையின் உள்பக்கம் மாதிரி. கடின நீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து சூடுபட்டால் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். எங்கே சூடு அதிகமோ அங்கே அதிகம் ஒட்டும், அதாவது எந்த இடத்திலிருந்து சூட்டை எடுக்க வேண்டுமோ சரியாக அந்த இடத்துக்கே போர்வை போர்த்தும். அதிலிருந்து உதிர்கிற பொருக்கு சீலின் முகத்தில் மாட்டி உரசும். சீல் என்பது ஒரு கார்பன் வளையமும் ஒரு பீங்கான் வளையமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் முகத்தோடு முகம் ஒட்டிச் சுற்றுவது, அவ்வளவுதான். நடுவில் படலம் மாதிரி இருக்கிற தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். அந்த எண்ணெயில் நான் வருடக்கணக்காக மணல் கலந்திருக்கிறேன்.

என்னை உறுத்தியது என்னவென்றால், போர் மோட்டார் தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம் ஓடிவிடக் கூடாது என்று அதற்கென்று தனியாக ஆட்டோ ஸ்டார்ட்டர், டிரை ரன் கட் எல்லாம் ஆயிரக்கணக்கில் செலவு செய்து மாட்டியிருக்கிறேன். சத்தத்தில் துளி மாற்றம் தெரிந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எழுந்து தோட்டத்துக்குப் போவேன். இதோ அதன் தம்பி, தினமும் என் காலுக்கு இரண்டடி முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

சரி, சுரண்டல். பழைய பம்பு உட்கார்ந்திருந்த முகத்தில் பழைய பேக்கிங், அதன் மேல் யாரோ தாராளமாகப் பூசிய அனபாண்ட் பசை, அதன் அடியில் அதற்கும் முந்தைய பேக்கிங்கின் மிச்சம் என்று அடுக்கடுக்காக இருந்தது. ஹேக்ஸா பிளேடை ஒடித்து, முனையைக் கல்லில் தேய்த்து உளி மாதிரி ஆக்கிக்கொண்டேன். முதலில் பிளாக்கின் தண்ணீர் வழிகளில் துணியைத் திணித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுரண்டுகிற குப்பை எல்லாம் உள்ளே போய் ரேடியேட்டர் குழாயில் அடைக்கும். பிளேடைப் படுக்க வைத்துத் தள்ள வேண்டும், நிமிர்த்தினால் கோடு விழும், விழுந்த கோடு வழியாகத் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. போல்ட் டீசலில் ஊறிய நேரத்தை விட்டுவிட்டால், பம்பைக் கழற்றிய நேரமும் மாட்டிய நேரமும் சேர்த்தால்கூட அவ்வளவு இல்லை. நடுவில் இரண்டு முறை ‘போதும், மேலே கொஞ்சம் அனபாண்ட் தடவிவிட்டால் சமாளித்துக்கொள்ளும்’ என்று மனசு சொன்னது. இதற்கு முன் இந்த இடத்தில் கை வைத்தவருக்கும் மனசு அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், மூன்று அடுக்கு அதற்குச் சாட்சி. கடைசியாக எமரி தாளில் லேசாகத் தேய்த்து, மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து நிறுத்தி வைத்து அடியில் டார்ச் அடித்தோம். வெளிச்சம் எங்கேயும் கசியவில்லை. ஸ்கேலைக் கழுவித் தரச் சொன்னாள்.

புதிய பம்பை அப்படியே மாட்டிவிடக் கூடாது. பழையதைப் பக்கத்தில் வைத்து, ஓட்டைகள் ஒத்துப்போகின்றனவா, புல்லி உட்காருகிற மூக்கு அதே உயரமா, இம்பெல்லர் அதே அகலமா என்று பார்த்தேன். கையால் சுற்றினால் கொஞ்சம் இறுக்கமாக, சத்தமில்லாமல் சுற்ற வேண்டும், சும்மா சரசரவென்று சுற்றினால் சந்தேகப்பட வேண்டும். பேக்கிங்கின் இரண்டு பக்கமும் விரலால் தொட்டும் தொடாமலும் அனபாண்ட். பிதுங்கினால் வெளியே பிதுங்குவது மட்டும்தான் நமக்குத் தெரியும், உள்ளேயும் அதே அளவு பிதுங்கித் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு போல்ட் நேராகத் தண்ணீர் இருக்கிற அறைக்குள் போகிறது, அதன் மரையிலும் கொஞ்சம் தடவினேன். பத்திரிகையிலிருந்து ஒவ்வொன்றாக மகள் எடுத்துக் கொடுக்க, முதலில் எல்லாவற்றையும் விரலாலேயே மாட்டி, அப்புறம் கட்டிலுக்குக் கயிறு இழுக்கிற மாதிரி மாற்றி மாற்றி, எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்கினேன். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் சுமார் என்று வைத்துக்கொள்ளலாம். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து ஒரு கையால் இறுக்கினால் அளவு மீறாது. காலையில் பைப் மாட்டி இழுத்த ஆள் சொல்கிறேன்.

பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்கக் கூடாது. இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக அமுங்கினால் போதும். அதிகம் இறுக்கினால் புதுப் பேரிங்கும் பழைய பேரிங் போன வழியே போகும்.

தெர்மோஸ்டாட் என்று வாங்கினேனே, அதைப் போடுவதற்காக மூடியைத் திறந்தால் உள்ளே பழையது இல்லவே இல்லை. இது நம் ஊர் வைத்தியம். வண்டி சூடாகிறது என்றால் முதல் வேலையாக அந்த வால்வைக் கழற்றி வீசிவிடுவார்கள். அது இன்ஜினைச் சூடாக்க வந்த சனியன் என்று ஒரு நம்பிக்கை. இன்ஜின் சீக்கிரம் வேலைச் சூட்டுக்கு வரவேண்டும், வந்த பிறகு அந்தச் சூட்டிலேயே நிற்க வேண்டும், அதற்காக வைத்தது அது. இல்லாமல் ஓட்டினால் டீசல் கூடக் குடிக்கும், இன்ஜின் தேய்வதும் கூடும். புதியதைச் சோதித்துவிட்டே போடலாம் என்று ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து அதை உள்ளே போட்டு அடுப்பை மூட்டினேன். 82 என்று அதில் பொறித்திருந்தது. தண்ணீர் கொதிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே மெல்ல, தூக்கத்திலிருந்து கண் திறக்கிற மாதிரி திறந்தது. “போர் மோட்டாருக்குச் சொன்னா வேண்டாங்கற, வண்டிச் சாமானத்தச் சட்டில போட்டு வேக வெக்கற. உனக்கு என்ன கண்ணு ஆச்சு?” என்றார் அம்மா.

மாட்டுவதற்கு முன் ஹோஸ் விட்டு இன்ஜினையும் ரேடியேட்டரையும் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினேன், அதற்கு வேறு வழியில்லாமல் போர் தண்ணீர்தான், கடைசியாகக் கேன் தண்ணீரில் ஒரு அலசு. உள்ளே ஊற்றியது கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. “நம்மூர்ல என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?” என்று மச்சான் கேட்டான். உறையாமல் இருப்பதற்காக இல்லை. துருப்பிடிக்காமல் இருக்க அதில் கலந்திருக்கிற மருந்துக்காக. கொதிநிலையும் கொஞ்சம் ஏறும். பச்சை, ஆரஞ்சு என்று வகை உண்டு, கண்டபடி கலக்கக் கூடாது, சிலது சேர்ந்தால் கூழாகிவிடும். இன்னொன்று, கூலன்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். கீழே சிந்தியதை உடனே மண் போட்டு அள்ளினேன், கன்றுக்குட்டி கட்டியிருக்கிற இடத்துக்கு நாலடிதான் தூரம்.

வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கிற மாதிரி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்தேன். மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டு, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து விட்டால் ‘குளுக் குளுக்’ என்று காற்று வெளியே வரும். பைப்லைனில் ஏர் பிடித்தால் தண்ணீர் ஏறாதே, அதே தொல்லை இங்கேயும் உண்டு, காற்று அடைத்த இடத்தில் தண்ணீர் படாது, அந்த இடம் மட்டும் காய்ந்து பழுக்கும். பன்னிரண்டு நிமிடம் வரை மேல் ஹோஸ் சூடேறாமல்தான் இருந்தது. திடீரென்று கை வைக்க முடியாத சூடு, மட்டம் சட்டென்று இறங்கியது. வால்வு திறந்துவிட்டது. மறுபடி நிரப்பி மூடியைப் போட்டேன்.

அப்போது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பம்புக்கு அடியில் பார்த்த மகள், “அப்பா, சொட்டுது” என்றாள்.

வயிறு கலங்கிவிட்டது. அதே ஓட்டை. புதிய பம்பு. ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டில் மீதி எம்-சீல் கிடந்தது, நிஜமாகவே என் கண் ஒரு நொடி அங்கே போனது, மகள் அதைப் பார்த்துவிட்டாள். மெக்கானிக் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். “புது சீலு உக்காரவேண்டாமா? ஒண்ணு ரெண்டு சொட்டு விடும். ரெண்டு நாள் ஓட்டு, அப்பவும் வந்தா பம்பத் திருப்பிக் குடு. பேக்கிங் சுத்தமாச் சொரண்டினயா?” என்றார். சுரண்டினேன் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார், சொன்னேன். “அப்பச் சரி” என்று வைத்துவிட்டார்.

ராத்திரி வண்டிக்கு அடியில் தினத்தாளை விரித்து வைத்தேன். முதல் நாள் காலையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறை. இரண்டாம் நாள் ஒட்டன்சத்திரம் போய்வந்து விரித்ததில், பொட்டு வைத்த மாதிரி ஒன்று. மூன்றாம் நாள் ராசிபலன் பக்கத்தை விரித்திருந்தேன், எல்லா ராசியும் காய்ந்தே இருந்தன.

டேஷ்போர்டிலிருந்த மீதி எம்-சீலைக் காணோம். தேடிப் பார்த்தால் அம்மா அதை எடுத்துப் பிசைந்து மாட்டுத் தண்ணித்தொட்டியில் விட்டிருந்த விரிசலுக்கு வைத்துவிட்டார். அங்கே நன்றாகத்தான் பிடிக்கிறது.